எலியைத் தொடாத ஆவி

6

வரிசையின் முன்னால் போன லாக்சன் துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு இரண்டு முறை கை தட்டினான்.

'தட். தட்.'

ஓடைப் பள்ளம் வந்தால் தட்ட வேண்டும். அந்த வனவிலங்குக் காப்பகத்தில் கால்நடையாகக் காடு பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் சட்டம். பேசக் கூடாது, கூவக் கூடாது. முன்னால் போகிறவன் தட்டுவான். வரிசையின் வாலில் வருகிறவர் பதிலுக்குத் தட்டுவார். வால் தட்டினால், நடுவில் யாரையும் சிங்கம் உருவிக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம்.

இன்றைக்கு வால், தமாண்டா. தலையில் ரொட்டிக் கூடை. அதை ஒரு கை பிடித்திருந்தது. மற்றக் கையில் கரி பிடித்த தேநீர்க் கெட்டில். கூடையையும் கெட்டிலையும் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் தட்டினாள்.

'தட். தட்.'

லாக்சன் பள்ளத்தில் காலை வைத்தான்.

அப்போது தமாண்டாவுக்கும் பின்னால், ஒருவருமே இல்லாத யானைப்புல்லுக்குள்ளிருந்து, நிதானமாக, கடமை தவறாத ஊழியன் ஒருவன் தட்டுவதைப் போல...

'தட். தட்.'

தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்திருந்த தேவாலயப் பாடகிகள் அத்தனை பேரும் அப்படியே உறைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பாட ஆரம்பித்தால் கூரைத் தகரம் கழன்று பக்கத்துத் தெருவில் போய் விழும். இப்போது ஓர் எறும்பு இருமியிருந்தால்கூடக் கேட்டிருக்கும்.

ஸோண்டிவேயின் முதுகுத்தண்டில் பல்லி ஒன்று ஏறி, இறங்கி, எதையோ மறந்துவிட்டதைப் போல மறுபடி ஏறியது. ஆனால் அவள் ங்கோனி இனத்துப் பெண். ங்கோனிகள் பயப்படுவதில்லை. பயந்தாலும் அதை முதலில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

"மச்சான்," என்று கிசுகிசுத்தாள், முன்னால் நின்ற நெட்டை உருவத்திடம். "பயமா இருந்தா என் சிட்டெங்கேத் துணி முனையைப் பிடிச்சுக்க. கூச்சப்படாத."

நெட்டை உருவம் திரும்பியது. கபாசோ. ஸோண்டிவேயின் முதலாளி, லுசாக்காவின் தனியார் துப்பறிவாளர். காலையில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்திவிட்டு, 'எந்த வழியில் சொந்தம்?' என்று யோசித்தபடி அவரை வெகுநேரம் பார்த்தன. அவ்வளவு உயரம்.

"எலி தின்னிக்குப் பல்லு ஏன் தந்தியடிக்குது?"

"குளிர்."

அக்டோபர் வெயிலில் பாறைகள் முனகிக்கொண்டிருந்தன. அந்த வெயிலில் குளிர் என்று சொன்ன முதல் மனுஷி அவள்தான்.

பாடகிகளின் தலைவி எஸ்னார்ட் அம்மா தன் பருத்த மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "யாரு அது, லாக்சன் தம்பி?"

"சம்பா அண்ணன்மா," என்றான் லாக்சன், ஏதோ தபால்காரர் வந்ததைச் சொல்வதைப் போல. ஆனால் துப்பாக்கியைத் தோளிலிருந்து கைக்கு இறக்கியிருந்தான். "அவர்தான் எங்களுக்கு இதுக்கு முன்னாடி வால். செத்தும் வேலைக்கு வர்றார். திரும்பிப் பாக்காதீங்க. நடங்க."

நடந்தார்கள்.

*

நடந்த கதை ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடியது.

இந்த வறண்ட பருவம் தொடங்கியபோது இதே வரிசையின் துப்பாக்கிக்காரன் யோனா, தமாண்டாவின் புருஷன். வால், சம்பா. ஒரு சாயங்காலம் இருவரும் முகாமே கேட்க சண்டை போட்டார்கள். மறுநாள் நடையில், எருமையை விரட்ட யோனா வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டான். அடுத்த பள்ளத்தில் தட்டினான். வால் தட்டவில்லை. தேடினார்கள். சிங்கங்கள் மிச்சம் வைத்தது சம்பாவின் தொப்பி, சம்பாவின் பூட்ஸ், கொஞ்சம் எலும்பு. மண்டையோட்டில் ஒரு குண்டுத் துளை.

அந்த நடையில் இருந்த ஒரே துப்பாக்கி யோனாவுடையது.

இப்போது யோனா சிபாட்டா சிறையில். வரும் திங்கட்கிழமை தீர்ப்பு. இன்றைக்குச் சனிக்கிழமை. தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று சிறை வாசலில் வேர்க்கடலை விற்கிறவளுக்குக்கூடத் தெரியும்.

போன வாரம் தமாண்டா ஒரு உயிர்க்கோழியை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி, கபாசோவின் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தாள். கோழிதான் கட்டணம். கபாசோ கோழியைப் பார்த்தார், கோழி கபாசோவைப் பார்த்தது. இப்போது அது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவர் ஸ்டூலில்.

"ஏம்மா," என்று ஸோண்டிவே நடந்தபடி பின்னால் திரும்பாமலே கேட்டாள், "இந்தக் கடைசி இடத்துக்கு ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்களாமே. நீ ஏன் கேட்டு வாங்கிக்கிட்டே?"

"பக்கத்துல இருந்தாத்தான அக்கா பேச முடியும்," என்றாள் தமாண்டா. "தெனமும் சொல்றேன். அண்ணே, யோனா உங்களைச் சுடல, நீங்களே வந்து யார் கனவுலயாவது சொல்லுங்கன்னு. அவர் தட்டறதோட சரி."

ஸோண்டிவே நடையைக் கொஞ்சம் தளர்த்தி, தமாண்டாவுக்குக் கிட்டத்தில் நடந்தாள்.

பாதை, செத்த மரங்களுக்குள் நுழைந்தது. எப்போதோ ஆறு வழி மாறியபோது தண்ணீரில் நின்றபடியே செத்துப்போனவை. ஒன்றும் விழவில்லை. இலையில்லாமல், பட்டையில்லாமல், சாம்பல் நிறத்தில், யாரோ பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற கூட்டத்தைப் போல நின்றன. எங்கோ தூரத்தில் தரை இருவாச்சிப் பறவை 'உம்... உம்... உம்...' என்று யாரும் கேட்காத கேள்விக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது.

லாக்சன் தட்டினான். தமாண்டா சுமையை இறக்கிவிட்டுத் தட்டினாள்.

பின்னால், முன்பைவிடக் கிட்டத்தில், 'தட். தட்.'

"மச்சான்," என்றாள் ஸோண்டிவே, "உங்க பெம்பா ஆளுங்க செத்தாக்கூட அடுத்தவனை நிம்மதியா நடக்க விட மாட்டீங்களா?"

"ஏன், உங்க ஆளுங்க செத்தா நிம்மதியா இருப்பாங்களோ?"

"நாங்க சாகவே மாட்டோமே. எமனுக்கே எங்களைக் கண்டா பயம்."

வேறு யாராவது கேட்டால் இருவரும் இன்னும் ஒரு நிமிஷத்தில் கைகலப்பார்கள் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. பூட்டன் காலத்தில் பெம்பாவும் ங்கோனியும் ஈட்டியால் பேசிக்கொண்டவர்கள். வெட்டி ஓய்ந்தபின் இரு கூட்டமும் முறை மச்சான்களாகிவிட்டன. அன்றிலிருந்து ஈட்டிக்குப் பதில் நாக்கு. பெம்பாவைக் குரங்கு தின்னி, ங்கோனியை எலி தின்னி, எதையும் சொல்லலாம். கோபப்படுகிறவன் தோற்றவன். பதில் சொல்லாமல் விடுகிறவன் அவனைவிடத் தோற்றவன்.

சாவு வீட்டையும் விடுவதில்லை. பெம்பா வீட்டுச் சாவுக்கு ங்கோனி மச்சான் வருவான். 'அப்பாடா, சோம்பேறி கடைசியில நிரந்தரமாப் படுத்துட்டான்' என்று சவப்பெட்டியைத் தட்டுவான். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிடும். வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் ஏங்குகிற கடைசி வார்த்தை அன்றைக்குத்தான் ஒருவனுக்குக் கிடைக்கும். பிணம் எதிர்வார்த்தை பேசாது அல்லவா.

*

கல்குவியல், பீப்பாயாய்ப் பருத்த ஒரு பெரிய பாவோபாப் மரத்துக்கு எதிரில் இருந்தது. சிங்கம் தின்றவனை ஊருக்குள் கொண்டுவர ஊர் சம்மதிக்கவில்லை. கிடைத்த இடத்திலேயே எலும்புகளைப் புதைத்துக் கல் அடுக்கியிருந்தார்கள். மேலே ஒரு பலகை: சம்பா.

தேநீர் இங்கேதான். பாடகிகள் பிஸ்கட்டைச் சத்தம் வராமல் மென்றார்கள். அது மனித இனத்தால் முடியாத காரியம் என்று இதுவரை கருதப்பட்டு வந்தது.

தமாண்டா கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கற்களின் மேல் வைத்தாள். ஒரு கவளம் ன்ஷிமா என்கிற சோளக் களி, ஒரு பிடி வறுத்த கபெந்தா மீன், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி, கடைசியாக, மூங்கில் பிளவில் வரிசையாகச் செருகி, உப்புப் போட்டு வாட்டிய எலிகள். நேற்று வைத்த தட்டை எடுத்தவள், அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கபாசோ எட்டிப் பார்த்தார். ன்ஷிமா இல்லை. மீன் இல்லை. மூக்குப்பொடியும் இல்லை. எலிகள் மட்டும் மூங்கிலில் வரிசை கலையாமல், மீசையோடு, இருந்தன.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முகாம்ல எல்லாரும் அவருக்கு ஏதாவது குடுத்து விடுவாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கறார். நாங்க சேவா இனத்து ஜனம். எங்களுக்கு எலியைவிட உசந்த விருந்து கிடையாது. நானே வளை வெட்டிப் புடிச்சு, நானே வாட்டி வைக்கறேன். அதை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை. அவ்வளவு கோபம் என்மேல."

கபாசோ குனிந்து ஓர் எலியின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, தன்னை அறியாமல், மூக்கைச் சுளித்தார்.

சுளித்த மூக்கு அப்படியே நின்றது.

ஸோண்டிவேக்கு அந்த முகம் தெரியும். போன வருஷம் கிட்வேயில் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிப்பதற்கு அரை நிமிஷம் முன்னால் இதே முகம்தான். தும்மல் வரப்போகிற ஒட்டகச்சிவிங்கி.

"தமாண்டா," என்றார் மெதுவாக, "சம்பா சாவுக்கு எந்த ங்கோனி மச்சான் வந்து கேலி பண்ணினான்?"

"யாரும் வரலீங்க. கொலைச் சாவு. போலீஸ் நின்னுட்டு இருந்தாங்க. கேலி பண்ற மாதிரியா இருந்துச்சு?"

"அப்ப அந்த முறை பாக்கி இருக்கு." அவர் நிமிர்ந்தார். ஸோண்டிவேயின் காதருகே குனிந்தார். அதற்கு அவர் ஏறக்குறைய பாதியாக மடிய வேண்டியிருந்தது. "எலி தின்னி. உன் கடமையைச் செய்."

"இங்கயா? இப்பவா? பின்னாடியே வர்ற ஆவிகிட்டயா?"

"பயமா?"

அந்த ஒரு சொல் போதும். ஸோண்டிவே சிட்டெங்கேயை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்குவியலின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அடேய் சம்பா! குரங்கு தின்னி! படுத்துட்டியா? உயிரோட இருந்தப்பவே வரிசைல கடைசிலதான நடப்ப, சிங்கம் வந்தா முன்னாடி இருக்கறவனைத் தின்னட்டும்னு!"

"ஐயோ, பொண்ணே," என்று எஸ்னார்ட் அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அவள் வயிறு லேசாகக் குலுங்கியது.

"வர்ற வழியில அந்தச் சிங்கத்தைப் பாத்தேன். எப்படிப்பா இருந்துச்சு பெம்பாக் கறின்னு கேட்டேன். குரங்கு வாடை தாங்கல தாயி, பாதிலயே எந்திரிச்சுட்டோம்னு சொல்லுச்சு!"

பாடகிகளில் ஒருத்தி தேநீரை மூக்கு வழியாக விட்டாள். லாக்சன் துப்பாக்கியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். தமாண்டாகூட ஈரக் கண்ணோடு வாயைப் பொத்திக்கொண்டாள். காடு மட்டும் சிரிக்கவில்லை. செத்த மரங்கள் அத்தனையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன.

"உன் வீட்டுக்கு இப்ப ஒரு ங்கோனிக்காரன் வந்து போறான் தெரியுமா? உன் நாற்காலில உக்காந்து, உன் தட்டுல ன்ஷிமா தின்னுட்டு, ஆம்பளைன்னா இப்படில்ல இருக்கணும்னு உன் பொண்டாட்டி பாத்துட்டே நிக்கறா!"

ஒன்றும் இல்லை. இருவாச்சிகூட நிறுத்திவிட்டது.

கபாசோ கண்ணைக் காட்டினார்: இன்னும்.

ஸோண்டிவே மூச்சை இழுத்தாள். பூட்டன்களை வெளியே எடுத்தாள். "உன்னைச் சொல்லி என்ன பிரயோசனம்? உங்க வம்சமே அப்படித்தான். எங்க பூட்டன் சும்மா கேடயத்துல தூசி தட்டினான். அந்தச் சத்தத்துக்கே உங்க பூட்டன் ஆத்துல குதிச்சு, முதலை வாய்க்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு, 'கதவைச் சாத்துப்பா'ன்னு கெஞ்சினான்!"

"யாருடி குதிச்சது?"

குரல் பாவோபாப் மரத்தின் வயிற்றிலிருந்து வந்தது.

"யாரு குதிச்சது? எங்க வேலியைப் பாத்துட்டு இடுப்புத் துணி நனைஞ்சு திரும்பி ஓடின கூட்டம் எது? எலி தின்னி! எங்க பூட்டனைச் சொல்ல உனக்கு..."

குரல் சட்டென்று நின்றது. தான் இறந்துபோனது அதற்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எஸ்னார்ட் அம்மா மயங்கி விழுந்தாள். அந்த அதிர்ச்சியில் ஆற்றில் நீர்யானைகள் தலை தூக்கிப் பார்த்திருக்கும்.

"வெளிய வா, சம்பா," என்றார் கபாசோ சலிப்பாக. "கடைசி வார்த்தை உன்னோடதுதான். ஜெயிச்சுட்ட."

*

மரப் பொந்திலிருந்து வந்தது எலும்பும் தாடியுமாக ஒரு மனிதன். மூக்கில் இன்னும் பொடி ஒட்டியிருந்தது. லாக்சன் துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"நாலு மாசம் வாயைத் தொறக்கல," என்றான் சம்பா, யாரிடமோ முறையிடுவதைப் போல. "சிறுத்தை காலடில படுத்திருந்தேன், தொறக்கல. அதுக்குன்னு ஒரு ங்கோனிச்சி நம்ம பூட்டனை... நீங்களே சொல்லுங்க சார், நீங்களும் பெம்பாதான?"

"ரொம்பக் கஷ்டம்," என்று கபாசோ ஒப்புக்கொண்டார். பிறகு ஸோண்டிவேயின் பக்கம் திரும்பினார். "கழுதைப்புலி எலியைத் தின்னும். பபூன் தின்னும். எறும்பு தின்னும். ஆவிக்கு எதுவா இருந்தா என்ன? மீனை வழிச்சுத் தின்னுட்டு எலியைப் பாத்தா மட்டும் மூஞ்சியைச் சுளிக்கிற ஜீவன் இந்த நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான், பெம்பாக்காரன். கண்ணாடில தெனமும் பாக்கறேன்."

தமாண்டா எழுந்து வந்தாள். சம்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கபாசோவிடம் திரும்பி, "யோனா திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துடுவாரா ஐயா?" என்றாள்.

"கொலையானவனே கோர்ட்டுக்கு நடந்து வந்து நின்னா, எந்த நீதிபதிம்மா கொலைக்குத் தண்டனை குடுப்பார்?"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கபாசோ கல்குவியலின் ஓரத்தில், மண் புதிதாகக் கிளறியிருந்த இடத்துக் கல்லைக் காலால் புரட்டினார். அடியில், சாக்குத் துணியில் சுற்றியது, மஞ்சளாக வளைந்து தெரிந்தது. யானைத் தந்தம். "அதான் நீ தூர தேசம் ஓடல. செத்தவன் கல்லை எவனும் கலைக்க மாட்டான். மழை வந்ததும் ஆத்து வழியா எடுத்துட்டுப் போக நெனைச்ச. சரி. உன் தொப்பியும் பூட்ஸும் போட்டுட்டு இதுக்குக் கீழ படுத்திருக்கறது யாரு?"

சம்பா முதல் முறையாகத் தலையைக் குனிந்தான்.

"தந்தம் தூக்கிட்டு வந்தவன். ஆத்துக்கு அந்தாண்ட ஆளு. முந்தின நாளே யோனா ஏதோ தப்பு நடக்குதுன்னு மோப்பம் புடிச்சுச் சண்டை போட்டான். இவனும் பயந்துட்டான், நான் போய் சொல்லிடறேன்னான். மறுநாள் யோனா எருமைக்குச் சுட்டப்ப, இவன் துப்பாக்கியைப் புடுங்கி இவனையே சுட்டு, அந்தச் சத்தத்துக்குள்ள என் சத்தத்தை ஒளிச்சுட்டேன்."

"பேரு?"

"கேக்கல."

"எந்த இனம்? எந்த ஊரு?"

"கேக்கலீங்க."

ஸோண்டிவே தான் இவ்வளவு நேரம் யாருடைய தலைமாட்டில் நின்று கத்தினோம் என்று யோசித்தாள். சம்பாவின் கைகளைப் பின்னால் சேர்த்துத் தன் சிட்டெங்கேயிலிருந்து கிழித்த துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

"எப்படியோ, கை தட்டி எல்லாரையும் மெரட்டின பாரு," என்றாள் முடிச்சைப் போட்டபடி, வீம்புக்காக. "அது நல்ல வித்தைதான், ஒத்துக்கறேன்."

சம்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கேலியே இல்லாத முகம்.

"ஒளிஞ்சு கெடக்கறவன் எதுக்கும்மா கை தட்டுவான்?"

ஸோண்டிவேயின் விரல்கள் நின்றன. கபாசோவைப் பார்த்தாள். அந்த மூக்கு எந்தப் பக்கமும் சுளிக்கவில்லை.

"மொத நாள்லேர்ந்து எனக்கும் கேக்குது," என்றான் சம்பா. "ஒவ்வொரு வரிசை போறப்பவும். அந்த ஆளு இந்தக் காட்டுக்குப் புதுசு. வழி தெரியாது. வரிசையோட போனா வெளிய போயிடலாம்னு நெனைக்கறான் போல."

*

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. லாக்சன் முன்னால். நடுவில் கை கட்டப்பட்ட சம்பா. பாடகிகள் எஸ்னார்ட் அம்மாவைத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். தமாண்டா வாலில், தலையில் கூடையைப் பிடித்தபடி, கையில் கெட்டிலோடு. புறப்படும் முன் கல்குவியலிலிருந்த பலகையைப் பிடுங்கி, தட்டில் இருந்த எலியை எடுக்காமல் விட்டு, ஒரு கோப்பைத் தேநீரையும் ஊற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன, எலி தின்னி," என்றார் கபாசோ தாழ்ந்த குரலில், "வாய் ஒட்டிக்கிச்சா? அந்த மனுஷனுக்கு யாராவது ஒரு வார்த்தை கேலி பேசி அனுப்ப வேண்டாமா?"

"எந்த இனம்னு தெரியாம எப்படி மச்சான் பேசறது?" என்றாள் ஸோண்டிவே. "முறை வேணுமே."

செத்த மரங்கள் முடிந்து ஓடைப் பள்ளம் வந்தது. லாக்சன் நின்றான். தட்டினான்.

'தட். தட்.'

தமாண்டா கெட்டிலை இறக்கக் குனிந்தாள். அது இன்னும் தரையைத் தொடவில்லை. கூடையைப் பிடித்த கை கூடையில்தான் இருந்தது.

'தட். தட்.'

அவள் தோளுக்குப் பின்னால். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

வரிசை நின்றது. ஒருவரும் திரும்பவில்லை. ஸோண்டிவே கபாசோவின் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை.

"தமாண்டா?" லாக்சனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எல்லாரும் வந்தாச்சா?"

தமாண்டா மெல்ல நிமிர்ந்தாள். கெட்டில் கையிலேயே இருந்தது.

"வந்தாச்சு," என்றாள். "மெதுவா நடங்க. பின்னாடி வர்றவருக்கு வழி தெரியாது."